வளைந்த மலைத்தொடர்கள்: பாறையின் நெளிவு சொல்வது என்ன?

ஓசூர் ரோடு டிராஃபிக்கில் தினமும் அத்திபெலே எல்லையைத் தாண்டுகிறவரா நீங்கள்? அந்தப் பக்கம் வெட்டுப்பட்ட பாறை கண்ணில் பட்டால் கொஞ்சம் கவனியுங்கள். வெளிறிய வரியும் கறுப்பு வரியும் மாறி மாறி, பல இடங்களில் நெளிந்து ஓடும். இதுதான் நைஸ் பாறை. வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பூமியின் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கியதன் தடயம்தான் அந்த நெளிவு. சில மலைத்தொடர்கள் ஏன் வில் மாதிரி வளைந்திருக்கின்றன என்பதற்கும் இப்படிப்பட்ட தடயங்கள்தான் சாட்சி.

எப்படிப் படிக்கிறார்கள்?

மேசைவிரிப்பை ஒரு பக்கமிருந்து தள்ளிப் பாருங்கள். தள்ளிய திசைக்குக் குறுக்காக மடிப்பு விழும். பாறை அடுக்குகளும் பெரும்பாலும் அப்படித்தான். உருண்டையாக இருந்த கூழாங்கல் முட்டை வடிவில் நசுங்கியிருந்தால், அது எந்தத் திசையில், எவ்வளவு நசுங்கியது என்று கணக்கிட்டுவிடலாம்.

அருகில் உதாரணம் உண்டா?

உண்டு. கிச்சன் மேடைக்குப் போடும் கடப்பா கல் கிடைக்கிற அதே படுகையில், ஆந்திராவின் நல்லமலைத் தொடர் மேற்கே புடைத்த பிறை போலக் கிடக்கிறது. படுகையின் மேற்கில் அடுக்குகள் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கின்றன. கிழக்கே போகப் போக மடிப்புகள் இறுகுகின்றன. அப்படியென்றால் தள்ளுதல் கிழக்கிலிருந்து வந்திருக்கிறது.

பிறவி வளைவா, பிறகு வளைந்ததா?

நேரான மலைத்தொடர் பின்னாளில் வளையலாம் என்று 1955இல் விளக்கியவர் ஆஸ்திரேலியப் புவியியலாளர் வாரன் கேரி. அதற்கு அவர் வைத்த பெயர் ஓரோக்லைன். இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. பாறை உருவாகும்போதே அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்தத் திசையைப் பதிந்துவைக்கின்றன. வளைவு நெடுக அந்தத் திசை மாறாமல் இருந்தால், அது பிறவி வளைவு. வளைவோடு சேர்ந்து திசையும் திரும்பியிருந்தால், பிறகு வளைந்தது.

இதனால் நமக்கென்ன?

இமயமலையும் சுமார் 2,400 கி.மீ. நீள வில்தான். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நெருக்கம் சேர்கிறது. ஆனால் நெருக்கும் திசை வில்லின் ஒவ்வொரு பகுதியிலும் சற்று மாறுகிறது. சேர்ந்த நெருக்கம் ஒரு நாள் நிலநடுக்கமாக வெடிக்கும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைக் குலுக்கிய 7.8 அளவு நடுக்கம் அப்படி வந்ததுதான். எந்தப் பகுதி எந்தத் திசையில் நெருக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான், அங்கே அணையும் சுரங்கப்பாதையும் கட்டுகிறவர்கள் எதைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று முடிவுசெய்ய முடியும்.