ஒரே வான்தொலைவு, இரண்டு ஓடுபாதைகள்

சென்னை விமான நிலையத்திலிருந்து மேற்கே நேர்கோடு இழுத்தால், ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி ஓடுதளமும் ஓமலூர் பக்கம் காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான்: சுமார் 265 கிலோமீட்டர். ஓடுபாதை நீளத்தில் ஓசூருக்கே கை ஓங்கியிருக்கிறது. சேலத்தில் 6,000 அடிக்குச் சற்றுக் குறைவு, பேளகொண்டப்பள்ளியில் ஏறக்குறைய 7,000 அடி. 2017இல், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் பட்டியலில் இரண்டு ஊருமே இருந்தன. சேலத்துக்கு மறு வருடமே விமானம் வந்தது. இடையில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஓசூரில் பயணி டிக்கெட் எடுத்து ஏற இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

பறக்கும் நேரத்தைப் பார்ப்போம். சேலத்துக்கு வரும் ஏடிஆர் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. அந்தக் கணக்கில் சென்னைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, உயரம் பிடிப்பது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் ஆட்டோவின் மினிமம் சார்ஜ் மாதிரி. தூரம் குறைந்தாலும் குறையாது. ஓசூரிலிருந்து விமானம் விட்டாலும் இதே ஒரு மணிதான் ஆகும்.

இப்போது ஓசூர்க்காரர் என்ன செய்கிறார்? அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று பெங்களூரை முழுக்கக் கடந்து, எழுபது எண்பது கிலோமீட்டர் போய்க் கெம்பேகவுடா விமான நிலையத்தில் ஏறுகிறார். வேடிக்கை என்னவென்றால், அங்கிருந்தும் சென்னை கிட்டத்தட்ட அதே வான்தொலைவுதான். இத்தனை தூரம் காரில் போயும் சென்னை ஒரு கிலோமீட்டர்கூட நெருங்கி வராது. வெளிநாடு போகும் ஓசூர் ரோஜாப் பெட்டிகளுக்கும் இதே வழி.

ஓசூருக்கு விமானம் வராததற்குக் காரணம், இந்தப் பெங்களூர் நிலையத்தை நடத்தும் நிறுவனத்துடன் மத்திய அரசு 2004இல் போட்ட ஒப்பந்தம். நிலையம் திறந்து 25 வருடம் ஆகும்வரை, அதாவது 2033 மே வரை, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் போட்டி நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பேளகொண்டப்பள்ளி பெங்களூர் நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்; காமலாபுரம் 160. சேலம் தப்பித்தது அந்தப் பத்துக் கிலோமீட்டரில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

பேளகொண்டப்பள்ளி தளம் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துடையது. 1990களில் ஆறு இருக்கை பார்ட்டனேவியா விமானங்களையே அங்கே கட்டினார்கள். விமானம் செய்த ஊருக்கு விமானம் இல்லை. 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், வருடம் 3 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் அறிவித்தார். அதுவும் இந்த 150 கிலோமீட்டர் வட்டத்துக்கு உள்ளேதான்.

கிருஷ்ணகிரிக்காரருக்கு மட்டும் இன்றே ஒரு வழி உண்டு. தருமபுரி, தொப்பூர் வழியாக நூறு கிலோமீட்டர் அளவில் காமலாபுரம். சென்னை போக மட்டும்தான் என்றால், விமான நேரம் ஒத்துவருகிற நாளில், ஹெப்பாள் மேம்பாலத்தில் நிற்பதைவிட இதையே நான் சொல்வேன்.