கடலடியில் நம் குளியாளிகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்குக் கடல் ஒரு தூரத்துச் செய்தி. இங்கே பிள்ளைகள் நீந்தப் பழகுவது தோட்டத்துக் கிணற்றில். ஆழ்ந்த நீர் என்றால் நினைவுக்கு வருவது மேட்டூர் அணை. 1934-ஆம் ஆண்டு அந்த அணை எழுந்தபோது பல ஊர்கள் நீரில் மறைந்தன. வறண்ட ஆண்டுகளில் நீர்மட்டம் தாழும்போது, மூழ்கிய கோயிலின் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டுகின்றன. நீருக்கடியிலும் ஓர் உலகம் உண்டு என்பதை இப்பகுதி மக்கள் கண்ணாரக் கண்டது அவ்வாறுதான்.

ஆயினும் கடலடிப் பொருள்கள் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற பண்டைய வணிகப் பெருவழியில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள ஊர் கொடுமணல். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. சங்கு கொங்கு மண்ணில் விளைவதன்று. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு கரையில், ஒரு மனிதன் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கி அதை எடுத்து வந்திருக்க வேண்டும். அப்படி மூழ்கும் தொழிலாளிக்குத் தமிழில் அழகிய பெயர் ஒன்று உண்டு: குளியாளி. முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்னும் தொடர்களும் அத்தொழிலிலிருந்து பிறந்தவையே.

இன்று கடலில் மூழ்குவது உல்லாசப் பயணமாகவும் ஆகிவிட்டது. மாலத்தீவு, செங்கடல், அந்தமான் போன்ற வெப்பக் கடல்களில், அறைகளும் உணவுக்கூடமும் கொண்ட படகு ஒன்றில் ஒரு வாரம் தங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை காற்றுக் கலனை முதுகில் சுமந்து மூழ்கி, பவளப் பாறைகளையும் மீன்களையும் கண்டு மீள்கின்றனர். ஸ்கூபா என்பது அக்கருவியின் பெயர். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் நம் இளைஞர் சிலரும் இப்பயணங்களில் நாட்டம் கொண்டிருக்கின்றனர். வீட்டிலுள்ள பெரியோருக்கு இது அந்நியர் வழக்கமாகத் தோன்றலாம். ஆனால் படகில் தங்கிக் கடலடிக்குச் செல்லும் வழக்கம் தமிழ்க் கரையில் பல நூற்றாண்டுகள் பழையது. அதில் தமிழ் முஸ்லிம்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

பெருங்கப்பலும் சிறு தோணியும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச் சிப்பிகள் பற்றி வளரும் பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றைப் பார் என்பர். பாண்டியரின் கொற்கை இப்பார்களால் பெயர் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், இங்கு முத்தெடுக்கத் தண்டனை பெற்ற கைதிகள் அமர்த்தப்பட்டதாகக் கூறுகிறது. ஆழத்திற்கு அனுப்பப்பட்டவர்களின் உயிரை அக்காலம் எவ்வாறு மதித்தது என்பதற்கு அச்செய்தி ஒன்றே போதும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இத்தொழிலை விரிவாகவே எழுதியுள்ளார். ஏப்ரல் மாதமும் மே மாதத்தின் முற்பாதியும் குளிப்புக் காலம். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து, கூலிக்கு ஆள் அமர்த்தி, பெருங்கப்பல்களில் வளைகுடாவுக்குள் செல்வர். நங்கூரமிட்டபின் சிறு படகுகளில் இறங்கிக் குளிப்பு நடத்துவர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா மீன்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இந்தக் கடல்கட்டிகளின் மந்திரத்தில் எவ்வளவு உண்மை இருந்ததோ, குளியாளிக்கு அது ஒரு மனத்துணிவைத் தந்தது. பாதுகாப்பு என்று அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அதுவே.

இந்த வருணனையை இன்றைய மாலத்தீவுப் பயணத்தோடு ஒப்பிட்டால் வியப்பு உண்டாகிறது. அங்கும் பயணிகள் தங்குவது பெரிய படகில். மூழ்குவதற்குச் செல்வது உடன்வரும் சிறு படகில். அச்சிறு படகின் பெயர் தோனி. நம் தோணியேதான்!

1344-இல் மாலத்தீவில் காஜி பொறுப்பை விட்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளம் பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டார். திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் கடல் தரும் முத்தும் பவளமும் இறைவனின் அருட்கொடைகளாகப் பேசப்படுகின்றன. அக்கொடையைக் கரை சேர்த்த கைகளில் காயலும் கீழக்கரையும் சேர்ந்த முஸ்லிம்களின் கைகளும் இருந்தன.

போர்த்துகீசியர் வந்தபின் இப்பார்களின் மீதான உரிமைக்குக் கடும் போட்டி எழுந்தது. 1538-இல் வேதாளையில் மரைக்காயர் தலைவர்களின் படை முறியடிக்கப்பட்டது. முத்துக் குளிப்பின் ஆட்சி போர்த்துகீசியரிடமும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரிடமும், பின்னர் ஆங்கிலேயரிடமும் மாறி மாறிச் சென்றது. கொடிகள் மாறினாலும் நீருக்குள் இறங்கியவர்கள் மாறவில்லை. பரதவக் கிறிஸ்தவரும் கீழக்கரை முஸ்லிமும் அதே கடலில் தொடர்ந்து மூழ்கினர்.

ஒரு மூச்சின் கணக்கு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு இத்தொழிலின் உச்சம். ஆளற்ற மணற்பரப்பில் குளிப்புக் காலத்தில் மட்டும் பல்லாயிரம் பேர் கொண்ட ஊர் ஒன்று எழும். பருவம் முடிந்ததும் கலைந்துவிடும். கீழக்கரையாரும் தூத்துக்குடிப் பரதவரும் யாழ்ப்பாணத்தாரும் பாரசீக வளைகுடாவின் அரபியரும் அங்குக் கூடினர். நள்ளிரவுக்குப்பின் தரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் புறப்படும். விடியலில் பாரை அடையும். நண்பகல் வரை குளிப்பு. பின்னர் கடற்காற்றில் கரை திரும்பல். கொட்டு எனப்பட்ட அரசாங்க அடைப்புக்குள் சிப்பிகள் எண்ணப்படும். மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே மூழ்கியவர்களுக்கு. 1905-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன.

குளியாளியின் கருவிகள் மிகச் சில: இறங்குவதற்கு ஒரு கல், சிப்பி நிரப்ப ஒரு வலைப்பை, மேலே ஏற ஒரு கயிறு. அரபியர் மூக்கில் கொம்பாலான கவ்வியை மாட்டிக்கொள்வர். தமிழ்க் குளியாளி விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். கல்லின் கனம் அவனை விரைவாக அடிக்குக் கொண்டுசெல்லும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கைக்கு அகப்பட்டதை அள்ளிக் கயிற்றை அசைப்பான். மேலே கயிறு பிடித்தவர் உடனே இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றுக்காரரின் விழிப்பே அவன் உயிர். இரு கைகளையும் விரித்த நீளம், அதாவது ஏறத்தாழ 6 அடி, ஒரு பாகம். பார்களில் பலவும் 5 முதல் 10 பாகம் வரை ஆழமானவை. 10 பாகம் என்பது 18 மீட்டர். இன்று ஸ்கூபாவில் முதற்சான்றிதழ் பெறுபவருக்கு அனுமதிக்கப்படும் ஆழமும் 18 மீட்டரே. கலனும் பயிற்சியாளரும் துணைக்கு வர இன்று இறங்கும் ஆழத்திற்கு, நம் முன்னோர் ஒற்றை மூச்சில் சென்று மீண்டனர்.

அந்தத் தொழில் நிலைக்கவில்லை. பார்கள் இயல்பாகவே பல ஆண்டுகள் வெறுமையாகிவிடும் தன்மையுடையவை. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சில பத்தாண்டுகளில் அம்முத்துக்கள் உலகச் சந்தையை நிரப்பின. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே இறுதியானவை. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கினர். முத்துக் குளிப்பு நின்றது. சங்கு குளிப்பு இன்றும் நிற்கவில்லை.

பழக்கமே பகையான கதை

இனி நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் கன்யானும் சேர்ந்து, மூழ்குபவர் தேவைக்கேற்பத் தானே காற்றைத் தரும் கருவியை அமைத்தனர். 1951-இல் கூஸ்தோ 'கலிப்சோ' என்னும் கப்பலில் தோழர்களுடன் தங்கிச் செங்கடலில் ஆய்வு செய்தார். இன்றைய உல்லாசப் படகுகளுக்கு அவரே வழிகாட்டி எனலாம். ஆனால் கருவிக்கு முன்பே அதற்குரிய அறிவு பிறந்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல், உயர்ந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கரைந்து, அழுத்தம் திடீரெனக் குறையும்போது குமிழிகளாகிறது என்று விளக்கினார். ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மெல்ல ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908-இல் வெளியிட்டார்.

இதன் பொருளை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. மேலே 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கிய குளியாளிக்கு, அங்கே அது 2 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் மீண்டும் 6 லிட்டராகும். அவன் எவ்வளவு விரைவாக ஏறினாலும் நெஞ்சு வெடிப்பதில்லை. ஆழத்திலேயே காற்றைச் சுவாசிப்பவன் நிலை வேறு. அவன் 20 மீட்டரில் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, அதை அடக்கியபடியே மேலே விரைந்தால், அந்த 6 லிட்டர் 18 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் தாங்காது. நெடுநேரம் கீழே இருந்திருந்தால், உடலில் கரைந்த நைட்ரஜனும் குமிழியிட்டு மூட்டு வலி, உணர்விழப்பு, கைகால் முடக்கம், சில வேளை மரணம் வரை கொண்டுசெல்லும்.

தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிப்போர் பலர் அண்மைப் பத்தாண்டுகளில் கல்லையும் அடக்கிய மூச்சையும் விட்டுவிட்டுப் படகில் இயங்கும் காற்றழுத்தப் பொறிக்கு மாறினர். நீண்ட குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் அடியில் நின்று சங்கு திரட்டுகின்றனர். வருவாய் கூடியது; ஆபத்தும் கூடியது. தந்தை வழியாக வந்த பாடம் அவர்களுக்கு ஒன்றே: மூச்சு முட்டினால் அடக்கிக்கொள், விரைந்து மேலே வா. தந்தையைப் பல முறை காத்த அந்தப் பாடமே, குழாயில் சுவாசிக்கும் மகனுக்கு எமனாகிறது. இதில் அவனது துணிவுக்குக் குறையில்லை, அறிவுக்கும் குறையில்லை. புதிய கருவி அவனிடம் வந்து சேர்ந்தது. அதற்குரிய கணக்கு வந்து சேரவில்லை.

உல்லாசப் படகில் செல்பவருக்கு அக்கணக்கு முதல் நாளிலேயே சொல்லித் தரப்படுகிறது. ஒருபோதும் மூச்சை அடக்காதே. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறாதே. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று பிறகு மேலே வா. நாளின் முதல் மூழ்கலில் 18 மீட்டரில் 55 நிமிடத்திற்குள்ளும், 30 மீட்டரில் 20 நிமிடத்திற்குள்ளும் முடித்துக்கொள். பல நாள் மூழ்கியபின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறு. துணையின்றி இறங்காதே. இத்தகைய பயணத்திற்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், படகில் முதலுதவிக்கான பிராணவாயு உண்டா, அழுத்த அறை கொண்ட மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கேட்டறிவது நல்லது. மூழ்கி எழுந்தபின் மூட்டு வலியோ மரத்துப்போதலோ தோன்றினால், களைப்பு என்று எண்ணி உறங்கிவிடாமல், படுக்கவைத்துப் பிராணவாயு கொடுத்து அம்மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

இவ்விதிகளில் எதற்கும் பெருஞ்செலவில்லை. நேரத்தையும் ஆழத்தையும் அறியும் கருவி ஒன்றும், பொறுமையும் போதும். ஒரு வாரப் பொழுதுபோக்கிற்காக மூழ்குபவருக்குக் கிடைக்கும் இந்த அறிவு, வயிற்றுப்பாட்டுக்காக நாள்தோறும் மூழ்குபவருக்கு அவரது தமிழில் கிடைக்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கையன்று. கரையோர ஜமாஅத்துகளும் மீனவர் சங்கங்களும் பங்குக் கோயில்களும் முன்வந்தால், ஹால்டேனின் கணக்கை ஒரே தாளில் அச்சிட்டுப் படகுதோறும் ஒட்டிவிடலாம். மேலே நின்று குழாயைக் கவனிப்பவருக்கும் அதைப் படித்துக் காட்டலாம். பழைய குளியாளியின் உயிர் கயிற்றுக்காரரின் கையில் இருந்தது போலவே, இன்றைய குளியாளியின் உயிர் அவர் கையில் இருக்கிறது.

மறிச்சுக்கட்டியின் கொட்டில் எண்ணப்பட்ட சிப்பிகளின் தொகை நூல்களில் நிற்கிறது. அவற்றை எடுத்த கீழக்கரைக் குளியாளிகளில் ஒருவர் பெயரைக்கூட நாம் நினைவில் வைத்திருக்கவில்லை. அது போன காலம். இன்று மூழ்குபவர்களின் பெயர்கள் அவர்கள் வீட்டாருக்குத் தெரியும். மாலையில் அவர்கள் திரும்பி வரும் வழியைப் பார்த்துக் கரையில் காத்திருப்பவர்களும் அவ்வீட்டார்தாம்.