அரிதாரம் என்பது என்ன?

மாசி பிறந்தால் ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களில் காமன் கூத்து. ரதி வேஷம் கட்டுவதும் ஆம்பளைதான். வேஷத்துக்கு முகத்தில் பூசுவதை எழுத்துத் தமிழில் 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போமே.

அரிதாரம் முதலில் ஒப்பனையின் பெயரே இல்லை. அது ஒரு மஞ்சள் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, எடையில் பாதிக்கு மேல் ஆர்சனிக். சித்த மருத்துவம் இதைத் தாளகம் என்று பாஷாணங்களோடு சேர்த்தது. சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க விடாது. மருத்துவர் அவ்வளவு பயந்த பொருளைத்தான் வேஷக்காரர் முகத்தில் பூசினார். சிவப்புக்குச் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும். கேரளக் கதகளியில் மனயோலை, சாயில்யம் என்று வருபவை இதே சரக்குகள்தான்.

பூசினவங்க செத்தா போனாங்க என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டுமே தண்ணீரில் லேசில் கரையாதவை, ஓரிரவில் ஆளைச் சாய்க்காது. ஆனால் அரிதாரம் வெளிச்சத்தில் கிடக்கக் கிடக்க மெல்ல வெள்ளைப் பாஷாணமாக மாறும், அது கரையும். அரைக்கும்போது பறக்கிற தூளும் மூச்சில் போகும். வருஷத்துக்கு ஒருமுறை வேஷம் கட்டுகிறவரைவிட, தினமும் அரைத்துப் பூசியவருக்குத்தான் ஆபத்து.

தினமும் என்றதும் நமக்கு நினைவு வருவது கூத்து இல்லை, குங்குமம். விடிகாலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமாரின் நெற்றியில் இருக்கிற அதே குங்குமம். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும். பழைய முறை அதுதான். மலிவாகவும் பளிச்சென்றும் வேண்டுமென்றால் ஈயச் செந்தூரம் கலப்பார்கள். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 குங்கும மாதிரிகளைச் சோதித்தார்கள். பத்தில் எட்டு அளவில் ஈயம் இருந்தது. கையில் ஒட்டியது சோற்றோடு வாய்க்குப் போகும், தவழும் பிள்ளை விரலைச் சூப்பும். பிள்ளையின் மூளைக்கு ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது.

பழைய வேஷக்காரருக்கு ஒரு வசதி இருந்தது: சரக்கின் பெயரே அது என்னவென்று சொல்லிவிடும். இப்போது வீட்டில் இருக்கிற குங்குமப் பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்க, உள்ளே என்ன என்று எழுதியிருக்கிறதா? ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்க. மஞ்சளால் ஆனது திரும்ப மஞ்சளாகும். சிவப்பாகவே நின்றால் அந்தச் சிவப்பு மஞ்சளால் வந்ததில்லை. மஞ்சளாக மாறினாலும் ஈயம் கலக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும்.