சகோதரர் இருவரும் ஒரு தவிலும்

பதுளைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்தான். "சேர், நான் டிரம்ஸ் பழகணும். தப்பு அப்பாவோட போகட்டும்" என்றான். அவனுடைய தந்தை தப்படிப்பவர். மகனின் குரலில் ஆசையோடு வெட்கமும் கலந்திருந்தது. அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1970 ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த சுரேஷ் ஷோத்தம், ரமேஷ் ஷோத்தம் என்னும் சகோதரர் இருவர் 'ஹியூமன் பொண்டேஜ்' என்ற றொக் இசைக்குழுவை அமைத்தனர். சுரேஷ் கிற்றார் வாசித்தார். ரமேஷ் டிரம்ஸ் வாசித்தார். லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் ஆகிய குழுக்கள் மேலைநாட்டு அரங்குகளை அதிரவைத்த காலம் அது. இந்தியாவிலோ இசைத்தட்டுச் சந்தை திரைப்பாடலின் வசமிருந்தது. றொக் குழுக்கள் ஹோட்டல் மேடைகளையும் கல்லூரி விழாக்களையுமே பெரிதும் நம்பியிருந்தன. நகர் நகராகச் சென்று வாசித்த இக்குழு 1976 இல் கலைந்தது. ஆறு ஆண்டுகளே அதன் ஆயுள்.

அதன் பின் ரமேஷ் சென்ற வழியே நம் கவனத்துக்குரியது. பெங்களூரிலுள்ள கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் சேர்ந்து அவர் தவில் பயின்றார். பலாமரத்தில் குடைந்த உடல். ஒரு முகத்தில் கழி, மறுமுகத்தில் கூடணிந்த விரல்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தமிழகத்தையும் வியக்கவைத்துவிட்டு 1975 இல் மறைந்தாரே, அதே வாத்தியம். 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பா சென்ற ரமேஷ், ஜேர்மனியின் கொலோன் நகரில் வாழ்ந்து, சக்சபோன் கலைஞர் சாளி மரியானோ போன்ற ஜாஸ் மேதைகளுடன் வாசித்தார். றொக் மேடையில் தொடங்கிய கை, உலக அரங்கில் தன் மண்ணின் தோற்கருவியால் அறியப்பட்டது.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. தவிலுக்குக் கோவிலினுள்ளே இடமுண்டு. தப்புக்கு வாசலே எல்லை. அதிகாலையில் பிரட்டுக்கு ஆள் சேர்க்கவும், காமன் கூத்துக்கும், சாவுக்கும் தப்பு வேண்டியிருந்தது. அதை அடித்தவனுக்கு மட்டும் நாம் மதிப்புத் தரவில்லை. அம்மாணவனின் வெட்கம் அவன் தேடிக்கொண்டதன்று; நாம் கொடுத்தது.

டிரம்ஸ் பழகு என்றே அவனிடம் சொன்னேன். ஆனால், முதலில் உன் தந்தையிடம் ஓர் அடியைக் கேட்டு வா என்றேன். மறுகிழமை வந்தவன், என் மேசையில் விரல்களால் காமன் கூத்து அடியைத் தட்டிக் காட்டினான்.

"அப்பா சிரிச்சாரு, சேர்" என்றான்.