ஆறு கிலோ இழுப்பும் இரண்டு கிலோ இழுப்பும்

சூரியகாந்தி பூக்கும் ஆடி, ஆவணியில் தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பூவைவிடச் சினிமாவைத்தான் தேடி வருகிறார்கள். ‘ரோஜா’ எடுத்த ஊர், ‘அந்நியன்’ படத்துக்காகப் பாறைகளுக்கு வண்ணம் பூசிய ஊர். கைத்துப்பாக்கியைப் பற்றி நம் பக்கத்தில் பலருக்கும் பாடம் எடுத்ததும் அதே சினிமாதான். திரையில் துப்பாக்கியை எடுப்பவர் முதலில் கட்டைவிரலால் பின்புறக் குதிரையை (ஹேமரை) ‘க்ளிக்’ என்று இழுத்து நிறுத்துவார். பிறகு வசனம் பேசுவார். சுடுவது அதற்கப்புறம். உரிமம் வாங்கி ரிவால்வர் வைத்திருக்கும் நிஜ மனிதர்களுக்கும் இந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது. தற்காப்புக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் வேறு கிடையாது என்பது என் கட்சி. அதைச் சொல்ல இரண்டு விசைகளை (ட்ரிகர்களை) அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், எதை வைத்திருக்க முடியும் என்ற கேள்வி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 9 மி.மீ., .38, .455 ஆகிய அளவுகள் தடைசெய்யப்பட்டவை. போலீஸ், ராணுவத்துக்கே உரியவை. சாதாரண ஆள் கலெக்டரிடம் மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து கைத்துப்பாக்கி உரிமம் பெற்றால், நடைமுறையில் அவர் கைக்கு வருவது .32 அல்லது .22. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் வந்த பழைய வெப்லி, வால்தர் துப்பாக்கிகள் கைமாறும்போது பல லட்சம் ரூபாய் பேசப்படுவது அதனால்தான். எனவே பெரும்பாலானவர்கள் வந்து நிற்கும் இடம் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு: கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வர், இல்லாவிட்டால் ‘அஷானி’ என்ற .32 பிஸ்டல். (மேற்கு மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குப் பயந்து வாங்கும் நீளத் துப்பாக்கி வேறு கதை. கைத்துப்பாக்கியால் பன்றியை விரட்ட நினைப்பவர் பன்றியிடம் அடிபடுவார்.)

கான்பூர் ரிவால்வரின் அடிப்படை, பிரிட்டிஷாரின் வெப்லி மார்க் 4. நடுவில் ஒடித்துத் திறப்பது, ஆறு தோட்டா. 2012 டில்லிக் கூட்டு வன்கொடுமைக்குப் பலியான பெண்ணின் நினைவாக 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று வெளியிடப்பட்ட ‘நிர்பீக்’, இதே குடும்பத்தின் எடை குறைந்த பிள்ளை, அரைக் கிலோதான். இந்த ரிவால்வர்களின் விசை இரண்டு விதமாக வேலை செய்யும். எதையும் தொடாமல் விசையை மட்டும் இழுத்தால், அந்த ஒரே இழுப்பு குதிரையைப் பின்னுக்குத் தள்ளி, உருளையைச் சுழற்றி, அடுத்த தோட்டாவை நேர் நிறுத்தி, கடைசியில் குதிரையை விடுவிக்கும். இது ‘டபுள் ஆக்‌ஷன்’. வேலை அதிகம் என்பதால் இழுப்பும் கனம். இவ்வகை ரிவால்வர்களில் பொதுவாக நாலரை முதல் ஆறு கிலோ வரை விரலில் விழும், தூரமும் நீளம். கட்டைவிரலால் குதிரையை முன்பே இழுத்து நிறுத்திவிட்டால் விசைக்கு மிச்சமிருப்பது அதை விடுவிக்கும் வேலை மட்டும். ஒன்றரை, இரண்டு கிலோவில் முடிந்துவிடும். நகரும் தூரம் சில மி.மீ. இதுதான் ‘சிங்கிள் ஆக்‌ஷன்’.

பிஸ்டலில் இந்த இரண்டாவது வகை மட்டுமே இருப்பது பழைய, எளிய அமைப்பு. நம் போலீஸ் வைத்திருக்கும் இஷாப்பூர் 9 மி.மீ. ‘1ஏ’ அப்படிப்பட்டதுதான், 1935இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவரின் இந்திய வடிவம். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால் தோட்டா அறைக்குள் போகும், குதிரையும் தயாராகிவிடும். முதல் வெடியும் பதின்மூன்றாம் வெடியும் ஒரே லேசான இழுப்பு. இலக்குப் பலகையில் சுடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்குக் குறைந்தபட்ச விசை எடை ஒரு கிலோ, 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வெறும் 500 கிராம். மனு பாக்கர் 2024 பாரிஸில் வெண்கலம் வென்றது அந்த 500 கிராம் உலகத்தில். நடிகர் அஜித் குமார் திருச்சியில் 2022 மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியதைப் பார்த்துத் துப்பாக்கி ஆசை வந்த இளைஞர்களும் அந்த உலகத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே சுடுகிறவருக்கு நேரம் உண்டு. யாரும் அவர்மீது பாய்வதில்லை.

நம் பகுதியின் மிகப் புகழ்பெற்ற பிஸ்டலையே எடுத்துக்கொள்வோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடப் பழகியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தக் காலத்து பெல்ஜியம் பிரௌனிங்குகள் எல்லாமே சிங்கிள் ஆக்‌ஷன், விசை லேசு. அந்த வேலைக்கு அது பொருந்தியது. இடம், நேரம், நெருக்கம் மூன்றையும் தேர்ந்தெடுத்தவர் சுடுகிறவரே. தற்காத்துக்கொள்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கையில் இல்லை. இரவு இரண்டு மணி, தூக்கக் கலக்கம், வியர்த்த கை, கதவருகே நிற்பது திருடனா தண்ணீர் குடிக்க எழுந்த தம்பியா என்று தெரியாத இருட்டு. இந்த நிலையில் இரண்டு கிலோ விசை என்பது, முடிவெடுக்கும் முன்பே விரல் முடிவெடுத்துவிடும் விசை.

பயத்தில் கை இறுகும். இடது கையால் கதவைப் பிடித்தால் வலது கை விரலும் சேர்ந்து இறுகும். இது உடம்பின் இயல்பு, வீரத்துக்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. நீண்ட, கனத்த இழுப்பு அந்த இறுக்கத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். குதிரை ஏற்றி வைத்த ரிவால்வர் தாங்காது. அதைவிட ஆபத்து, சுட வேண்டிய தேவை இல்லாமல் போகும்போது வருகிறது. வந்தவன் ஓடிவிட்டான், இப்போது தோட்டாவுக்கு மேல் ஏறி நிற்கும் குதிரையை நடுங்கும் கட்டைவிரலால் பிடித்து, விசையை அழுத்தி, மெல்ல இறக்க வேண்டும். வழுக்கினால் வெடிக்கும். சட்டம் இதை மன்னிப்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இல்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ‘கை தவறி வெடித்தது’ என்று சொன்னால் தற்காப்பு என்ற வாதமே விழுந்து, 106ஆம் பிரிவின் கவனக்குறைவு மரணமாக வழக்கு மாறும்.

குதிரை ஏற்றும் இந்தச் சிக்கலைப் பிரிட்டிஷ் ராணுவம் வேறு வழியாகத் தொட்டது. 1938இல் அவர்களுடைய என்ஃபீல்டு ரிவால்வரில் குதிரையின் கொம்பையே வெட்டிவிட்டார்கள்; டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அது மாட்டிக்கொள்கிறது என்பது காரணம். கட்டைவிரலுக்கு வேலை போய், டபுள் ஆக்‌ஷன் மட்டுமே மிஞ்சியது. குறி தவறுகிறது என்று சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு. கனத்த விசை சும்மா கிடைக்கும் பாதுகாப்பு அல்ல. நியூயார்க் போலீஸ் 1990களில் ரிவால்வரை விட்டு கிளாக் பிஸ்டலுக்கு மாறியபோது, சாதாரணமாக இரண்டரைக் கிலோ உள்ள அதன் விசையை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோவாக்கச் சொல்லி வாங்கியது. தவறி வெடிப்பதைக் குறைக்கும் எண்ணம். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் துப்பாக்கியை நீட்டிய ஒருவன்மீது இரண்டு போலீஸ்காரர்கள் பதினாறு முறை சுட்டார்கள். அவன் இறந்தான், தெருவில் நின்ற ஒன்பது பேர் காயம்பட்டார்கள். ஒன்பதுமே போலீஸ் தோட்டா அல்லது அதன் சிதறல். விசையின் கனமும் ஒரு காரணமா என்று அப்போது பெரிய விவாதம் எழுந்தது. ஆறு கிலோவை இழுக்கும்போது அரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியே அசைகிறது. இழுப்பின் கடைசியில் குறிமுள் ஒரு நூல் கீழே போனால், பத்தடியில் அது சில அங்குலம். நிர்பீக்கை ‘பெண்களுக்கு ஏற்றது’ என்று விற்றபோது சொல்லாமல் விட்டது இதைத்தான்: துப்பாக்கி லேசாவது தூக்குவதற்கு வசதி, விசை இழுப்பதற்கு வசதிக்குறைவு.

ஆக, கனத்த விசை வேண்டுமா, லேசு விசை வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் உலோகத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. இங்கேதான் தென்காசிக்காரரின் நிலைமை நியூயார்க்காரரிடமிருந்து முற்றிலும் மாறுகிறது. உரிமத்திலேயே ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். அதைச் சுட்டுத் தீர்த்துப் பழக வீட்டுக் கொல்லையோ குளத்துக்கரையோ இடமில்லை. அங்கே சுட்டால் அது குற்றம். அங்கீகாரம் பெற்ற சுடுதளம் வேண்டும், அதற்கு ரைஃபிள் கிளப் உள்ள ஊருக்குப் போக வேண்டும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வரும்வரை அது அங்கேதான். 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது நல்லது. ஆனால் சான்றிதழ் வாங்கிய நாளோடு பழக்கம் நின்றுவிடுகிறது என்பது துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கே தெரியும்.

மிச்சமிருப்பது தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகுவது. இங்கே ரிவால்வர் பிஸ்டலைத் தெளிவாக முந்துகிறது. ரிவால்வரில் இழு, விடு, மறுபடி இழு. ஒவ்வொரு இழுப்பும் நிஜ வெடியின் இழுப்பேதான். சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டலில் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் குதிரையையோ ஸ்லைடையோ மறுபடி ஏற்ற வேண்டும். கைப்பிடி ஒவ்வொரு தடவையும் கலையும். ஹை-பவர் வகையில் இன்னொரு சங்கடம், மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை வேலையே செய்யாது. அதனால் காலி மேகசினைச் செருகிப் பழக வேண்டும். காலி என்று நினைத்துச் செருகிய மேகசின் காலியாக இல்லாத கதை உலகெங்கும் உண்டு. பழகும் அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, உருளையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்க்க வேண்டும், குழல் காட்டும் திசையில் தோட்டா துளைக்காத சுவர் இருக்க வேண்டும். .22 துப்பாக்கியை வெறுமனே இழுக்கக் கூடாது. அதன் ஊசி அறை விளிம்பில் அடித்துக் கெடும். .32 நடுவில் அடிபடும் தோட்டா, எனவே தாங்கும். ஆனாலும் பழைய துப்பாக்கியானால் ஊசி அடிபடாதிருக்க டம்மி தோட்டா போட்டுக்கொள்வது நல்லது. குழலின் மேல் முனைக்கருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் முழு இழுப்பையும் முடிப்பது பழைய பயிற்சி. முதல் வாரம் நாணயம் கீழே உருண்டுகொண்டே இருக்கும்.

தோட்டா வெடிக்காமல் போனால்? நம் ஊரில் இது வெறும் கற்பனை இல்லை. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இந்தப் பக்கம் முழுக்கக் காற்றில் ஈரம். தோல் உறை அந்த ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த தோட்டாவை நம்ப முடியாது. ரிவால்வர் என்றால் மறுபடி விசையை இழுக்க வேண்டியதுதான், உருளை அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும். பிஸ்டல் என்றால் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, கெட்ட தோட்டாவை வெளியேற்றி, பிறகு சுட வேண்டும். போலீஸுக்கு இது அனிச்சைச் செயல், அவர்களுக்குச் சுடுதளம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை துப்பாக்கியைத் துடைக்கும் மில் முதலாளிக்கு அல்ல.

பிஸ்டலுக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும். ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, மாதந்தோறும் சுட்டு, சேஃப்டியைத் தள்ளுவதும் ஸ்லைடை இழுப்பதும் கண்ணை மூடினாலும் வரும் என்ற நிலையில் இருப்பவர் கையில் அது ரிவால்வரைவிட வேகம், துல்லியம், அதிகத் தோட்டா. ஆறு கிலோவை இழுக்க முடியாத வயதான, கீல்வாதம் பிடித்த கைக்கும் ரிவால்வர் உதவாது. அவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்லைடை இழுக்கவும் முடியாது என்பது வேறு. அந்தக் கைக்கு நல்ல தாழ்ப்பாளும் நாயும் போதும் என்பேன்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு: சுந்தரபாண்டியபுரம் போன்ற இடத்தில், சுடுதளம் தொலைவில் உள்ளவருக்கு, ரிவால்வர், அதுவும் டபுள் ஆக்‌ஷனில் மட்டும். குதிரையில் கட்டைவிரல் வைப்பதையே கைவிட வேண்டும். வாங்கப் போகும் கடையில், காலித் துப்பாக்கி என்பதை நீங்களே திறந்து பார்த்தபின், சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்துக் குதிரையைத் தொடாமல் பத்து முறை இழுத்துப் பாருங்கள். பத்தாவது இழுப்பில் குறிமுள் புள்ளியை விட்டு ஆடினால் பணத்தைக் கட்டாமல் திரும்புங்கள். வேறு பிடி, வேறு எடை, வேறு துப்பாக்கி பாருங்கள்.