பாடத் தேர்வும் ஒரு மயிலாப்பூர் இல்லமும்

கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்னும் கேள்வி சென்னைக்குப் புதியதன்று. 1927-ஆம் ஆண்டில் மயிலாப்பூரின் 'சந்திர விலாஸ்' இல்லத்தில் இக்கேள்வி தந்தைக்கும் மகனுக்கும் இடையே நின்றது. மகன், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தை சி.சுப்பிரமணிய ஐயர், அரசின் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர்.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட்டை முடித்திருந்த சந்திரசேகர், கணிதத்தில் ஆனர்ஸ் சேர விரும்பினார். 1920-இல் கணிதமேதை இராமானுஜன் மறைந்த செய்தியை அன்னை சொல்லக் கேட்ட நாள் முதல் அப்பெயர் அவர் நெஞ்சில் ஊன்றியிருந்தது. தந்தையோ மகன் ஐ.சி.எஸ். அலுவலராக வேண்டும் என்றும், அதற்கு இயற்பியலே ஏற்றது என்றும் கருதினார். தந்தையின் எண்ணத்தைக் குறைகூற இயலாது. அவருடைய தம்பி சி.வி.ராமனே 1907-இல் நிதித்துறைப் பணியில் சேர்ந்து, பத்தாண்டுகள் கழித்தே முழுநேரப் பேராசிரியரானார். அறிவியலை நம்பி வாழ்தல் அன்று அத்துணை அரிது.

அன்னை சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். பள்ளிப்படிப்பு மிகுதியும் பெறாதவர். தாமே ஆங்கிலம் பயின்று, இப்ஸனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தைத் தமிழாக்கியவர். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் தேர்ந்தவரல்லர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

முடிவில் மகன் இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்தார். ஆனால் கணித வகுப்புகளிலும் சென்று அமர்ந்தார். 1928-இல் சென்னை வந்த ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்டைச் சந்தித்தபின் புதிய குவாண்டம் இயற்பியலைத் தாமே கற்றார். மறு ஆண்டே அவருடைய கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியவர், வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் முடிவை அப்பயணத்திலேயே எட்டினார். இயற்பியல் சிக்கலைக் கணிதத்தின் துணையால் அவிழ்த்த செயல் அது. நோபல் பரிசு வந்து சேர 1983 ஆயிற்று.

தந்தை வென்றாரா, மகன் வென்றாரா? இரண்டும் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. அடுத்த துறையின் வகுப்பறைக் கதவு திறந்திருந்தது, வென்றது அதுவே. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்த பிறகு, பத்தாம் வகுப்பு முடித்த கையோடு 'எந்த குரூப்' என்ற கேள்வி நம் பிள்ளைகளை எதிர்கொள்கிறது. பெற்றோர் ஒரு பாடத்தை வற்புறுத்துவதை நாம் முற்றிலும் தடுத்துவிட முடியாது. தமிழிலக்கிய வகுப்பின் கடைசி வரிசையில் வேறு துறை மாணவன் ஒருவன் வந்து அமர்ந்தால், அவனை எழுப்பி அனுப்பாதிருத்தல் ஆசிரியராகிய நம்மால் இயலும்.