சண்டைக்கும் சம்பந்தத்துக்கும்

எதிரணியிலே பேசின சகோதரி, "பெண்ணைக் கொடுத்தவன் கையைக் கட்டித்தான் நிற்கணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. சம்பந்திங்கிற ஒரே ஒரு சொல்லை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மாமியார் தன் மருமகளைத் திருப்பி "மாமியார்"னு கூப்பிட முடியுமா? முடியாது. ஆனால் நான் அவருக்குச் சம்பந்தி, அவரும் எனக்குச் சம்பந்தி. கொடுத்தவனுக்கும் கொண்டவனுக்கும் ஒரே பெயர்!

எங்கள் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவிலே இருக்கிற ஊர். கல்யாணப் பந்தியிலே மூணு பாஷை உட்கார்ந்து சாப்பிடும். தெலுங்கிலே வியங்குடு, கன்னடத்திலே பீகரு. கன்னடத்திலே 'பீகா'ன்னா பூட்டுன்னும் அர்த்தம் உண்டு. என் மகள் கல்யாணத்திலே பீகரு வந்தாச்சுன்னதும் எங்க பெரியப்பா, "பூட்டு வந்தாச்சு, சாவி யாருகிட்டே?"ன்னார். (சிரிப்பு)

தெலுங்கிலே ஒரு பழமொழி. சண்டைக்கும் சம்பந்தத்துக்கும் சரிசமமான ஆள் வேணும்னு அர்த்தம். இரண்டுக்கும் சேர்த்து எங்க பக்கத்திலேயே சாட்சி இருக்கு. ஓசூரை ஒட்டின தொரப்பள்ளியிலே 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் மகள் லட்சுமியை காந்தியடிகளின் மகன் தேவதாஸ் விரும்பினார். வேற ஜாதி, வேற பாஷை. இரண்டு அப்பாக்களும் சேர்ந்து, "ஐந்து வருஷம் பார்க்காமல் காத்திருங்கள்"னு சொன்னாங்க. பிள்ளைகள் காத்திருந்தாங்க. 1933 ஜூனிலே பூனாவிலே கல்யாணம்.

பெண்ணைப் பெற்ற ராஜாஜி கையைக் கட்டிக்கிட்டா நின்றார்? 1942-ல் சம்பந்தி "வெள்ளையனே வெளியேறு"ன்னார். இவர், "இது சரியில்லை"ன்னார்; அதே வருஷம் காங்கிரஸை விட்டே வெளியேறினார்! உறவு அறுந்ததா? 1944 செப்டம்பரிலே பம்பாயில் ஜின்னாவோடு பேசப் போன காந்தி, ராஜாஜி வகுத்த திட்டத்தை வைத்துத்தான் பேசினார்.

நானும் உண்மையைச் சொல்லணும். என் மகள் கல்யாணத்திலே, காபி ஆறிப்போச்சுன்னு அவங்க முகம் சுளிச்சப்போ கையைக் கட்டித்தான் நின்றேன். வர்ற தையிலே மகனுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "உட்காருங்க சம்பந்தி"ன்னேன். "இருக்கட்டுங்க"ன்னு நின்றார். மறுபடியும் சொன்னேன். உட்காரவே இல்லை. நானும் எழுந்துட்டேன். இரண்டு பேரும் நின்னுக்கிட்டே காபி குடிச்சோம்.